சிவகாமியின் சபதம்: பாத்திரங்களின் நோக்கமும் ஆறாத துயரும்

சிவகாமியின் சபதம், கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899–1954) எழுதிய வரலாற்று நாவல். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தலைநகராக இருந்த காஞ்சிபுரத்தை முதன்மைக் களமாகக் கொண்டது. கல்கி இதழில் 1944 ஜனவரி முதல் 1946 ஜூன் வரை தொடராக வெளிவந்தது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்னும் நான்கு பாகங்கள் கொண்டது. மகேந்திரவர்மர், அவர் மகன் நரசிம்மவர்மர் (மாமல்லர்), சாளுக்கிய மன்னன் புலிகேசி, பின்னாளில் சிறுத்தொண்டர் எனப் புகழ்பெற்ற பரஞ்சோதி ஆகிய வரலாற்று மாந்தர்களுடன் ஆயனச் சிற்பி, அவர் மகள் சிவகாமி, நாகநந்தி பிக்ஷு ஆகிய கற்பனைப் பாத்திரங்களும் இடம்பெறுகின்றனர்.

இந்நாவலைப் படித்தவர்கள் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. மாமல்லர் மாறுவேடத்தில் வாதாபிக்கே வந்து அழைத்தபோது சிவகாமி ஏன் உடன் செல்ல மறுத்தாள்? அன்று அவள் சென்றிருந்தால் கதையே வேறு. நாவலில் வரும் போர்களும் ஒற்றர் வேலைகளும் மறந்துபோனவர்களுக்கும் இந்தக் கேள்வி மறப்பதில்லை. பாத்திரத்தின் செயலுக்கு ஆசிரியர் அமைத்த காரணமும் வாசகர் மனத்தில் தங்கிவிடும் துயரும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் புரிந்துகொள்ளத் தமிழில் இதைவிடப் பொருத்தமான நாவல்கள் சிலவே இருக்கும்.

முடிவு தெரிந்த கதை

கல்கி இந்நாவலை எழுதத் தொடங்கும்போதே அதன் முடிவு இரண்டு வகையில் தீர்மானமாகியிருந்தது.

முதலாவது வரலாறு. இரண்டாம் புலிகேசியின் ஐஹோளே கல்வெட்டு (பொ.யு. 634–635), பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதில்களுக்குள் ஒடுங்கச் செய்ததாகப் பெருமை பேசுகிறது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு அதற்கு மறுமொழி போல, பரியளம், மணிமங்கலம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மர் புலிகேசியை வென்றதையும், தோற்றோடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை எழுதியதையும் கூறுகிறது. பொ.யு. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது. பெரிய புராணத்தின் சிறுத்தொண்டர் வரலாறும் வாதாபிப் படையெடுப்பைக் குறிப்பிடுகிறது. ஆக, காஞ்சி முற்றுகையிடப்படும், வாதாபி எரியும், இடையில் பல ஆண்டுகள் கழியும் என்பவை நாவலாசிரியர் மாற்ற முடியாதவை. அந்த இடைவெளியில் மனிதர்கள் என்ன நினைத்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது மட்டுமே செப்பேடுகளில் இல்லை. கல்கி அங்கேதான் சிவகாமியை வைத்தார்.

இரண்டாவது கட்டு அவரே போட்டுக்கொண்டது. 1941 இல் தொடங்கிய பார்த்திபன் கனவு, கதைக் காலத்தின்படி சிவகாமியின் சபதத்துக்குப் பிந்தையது. எழுதப்பட்ட காலத்தின்படி முந்தையது. அதில் நரசிம்மவர்மர் நடுவயது கடந்த சக்கரவர்த்தி. அவருக்குக் குந்தவி என்ற மகள் இருக்கிறாள். எனவே 1944 இல் முதல் அத்தியாயத்தைப் பிரித்த வாசகர்களில், முந்தைய தொடரைப் படித்திருந்தவர்களுக்கு மாமல்லர் வேறொரு பெண்ணை மணப்பார் என்பது முன்பே தெரிந்திருக்கும். மாமல்லரும் சிவகாமியும் தாமரைக் குளக்கரையில் பேசும் ஒவ்வொரு காட்சியும் அந்த அறிவின் நிழலில்தான் நிகழ்கிறது.

இப்படி முடிவு தெரிந்துவிட்ட கதையில், என்ன நடக்கும் என்ற ஆவலை மட்டும் நம்பி ஆசிரியர் நடைபோட முடியாது. ஏன் அப்படி நடந்தது என்பதே கதையாக வேண்டும். சம்பவங்களை அடுக்குவதில் பெயர்பெற்ற கல்கி, மனக் காரணங்களை அடுக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

முன்னுரையில் கல்கி

நாவலின் பிறப்பைப் பற்றிக் கல்கி அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஓர் இரவில் இக்கதையின் மாந்தர்கள் தம் உள்ளத்தில் உருக்கொண்டதையும், அவர்களை ஏறத்தாழ 12 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்து திரிந்ததையும் அவர் சொல்கிறார். அவ்வாறு சுமந்தவர்களில் ஆயனர், சிவகாமி, மகேந்திரர், மாமல்லர் ஆகியோரோடு பார்த்திபன் கனவின் மாந்தர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் மனத்தில் முதலில் வந்தவர்கள் மனிதர்கள் என்பது. சரித்திரத்தை விளக்குவதற்காகப் பாத்திரங்களைத் தேடிப் போனதாக அவர் கூறவில்லை. பாறையில் செதுக்கிய உருவங்களைப் பார்க்கிறார். அவற்றைச் செதுக்கிய சிற்பி யார், அந்தச் சிற்பிக்கு முன் நின்று ஆடிய பெண் யார் என்று கேட்கிறார். மாமல்லபுரத்தில் மன்னர்களின் விருதுப் பெயர்கள் பல இடங்களில் பொறிக்கப்பட்டிருக்க, ஆடியவளின் பெயர் எங்கும் இல்லை. சிவகாமியின் துயரத்துக்கு முதல் விதை அந்த இல்லாமையே என்று கொள்ளலாம்.

12 ஆண்டுகள் சுமந்ததன் பயன் நாவலில் தெரிகிறது. ஆயனரும் சிவகாமியும் திடீரென்று எதையும் செய்வதில்லை. அவர்கள் பின்னால் செய்யப்போவதற்கான காரணம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு முன்பே சிறிய செயல் ஒன்றில் காட்டப்பட்டிருக்கும்.

சபதம் பிறந்த இடம்

சாளுக்கியப் படை திரும்பிச் செல்லும்போது சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அங்கே பல்லவ நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆண்களும் பெண்களும் தெருவில் சாட்டையடி படுகிறார்கள். அவர்களை விடுவிக்க வேண்டுமானால் அவள் நாற்சந்தியில் ஆட வேண்டும். அவள் ஆடுகிறாள்.

நாவலின் முதல் பாகத்தில் காஞ்சி அரண்மனையில் நடந்த அரங்கேற்றத்தை வாசகர் இங்கே நினைவுகூர வேண்டும். மகேந்திரர் முன்னிலையில், கலையறிந்தோர் சூழ்ந்த அவையில் நடந்த அந்த ஆட்டம் போர்ச் செய்தி வந்ததால் பாதியில் நின்றுபோனது. மன்னரின் அவையில் முடியாத ஆட்டம் பகைவரின் தெருவில் முடிகிறது. தன் கலையைத் தெய்வமாகக் கருதிய ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. வாதாபி எரிந்து, தனக்கும் தன் நாட்டுப் பெண்களுக்கும் நேர்ந்த இழிவுக்குப் பழி தீர்ந்த பிறகே இந்நகரைவிட்டு வெளியேறுவேன் என்று அவள் சபதம் செய்கிறாள்.

அதன்பின் மாமல்லரும் பரஞ்சோதியும் மாறுவேடத்தில் வருகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அவளுடைய மறுப்பு பிடிவாதம். முதல் வாசிப்பில் பலருக்கு அவள்மீது கோபம்தான் வரும். மீண்டும் படிக்கும்போது அந்த மறுப்பில் குறைந்தது மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது தெரியும்.

அவள் ஆடியது தன்னை மீட்டுக்கொள்வதற்காக அல்ல, மற்றவர்களுக்காக. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு இரவோடிரவாகத் தான் மட்டும் தப்பிச் சென்றால் அந்த ஆட்டத்துக்குப் பொருள் போய்விடும். இது முதல் காரணம். அடுத்தது, மாமல்லர் வந்த விதம். படையோடும் கொடியோடும் வரவேண்டியவர் வேடமிட்டு, திருடனைப் போல வந்திருக்கிறார். தெருவில் எல்லோரும் பார்க்க இழந்த மானத்தை ஒருவரும் பார்க்காமல் மீட்க முடியாது என்பது அவளுடைய கணக்கு. மூன்றாவதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொடக்கத்திலிருந்தே அவள் உள்ளத்தில் ஓர் ஐயம் இருந்துவந்திருக்கிறது. சிற்பியின் மகளைப் பல்லவ குமாரர் உண்மையிலேயே பட்டத்தரசியாக்குவாரா? சபதத்தை அவர் நிறைவேற்றினால் அந்த ஐயம் தீரும். ஆகவே சபதம் பகைவனை நோக்கிச் சொன்னதாக இருந்தாலும், அது காதலனுக்கு வைத்த தேர்வும் ஆகிவிடுகிறது.

மாமல்லர் அந்தத் தேர்வில் தேறுகிறார். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. படை திரட்ட வேண்டும், அண்டை அரசுகளின் துணை வேண்டும், தந்தை மறைந்தபின் நாட்டை நிலைநிறுத்த வேண்டும். அதற்கெல்லாம் விலையாகப் பாண்டிய இளவரசியை மணக்கிறார். சபதத்தை நிறைவேற்றுவதற்குத் தேவைப்பட்ட செயல்களே சபதம் செய்தவளை இழக்கவும் வைத்தன. கல்கி தம் நாவல்களில் செய்துகாட்டிய கதைப்பின்னல்களில் மிகக் கூர்மையானது இதுவே. வாதாபி எரிகிறது, சிவகாமி காஞ்சிக்குத் திரும்புகிறாள், மாமல்லருக்கு மனைவியும் குழந்தைகளும் இருப்பதை அறிகிறாள். அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாத நிலையில்தான் அந்தத் துயரம் வாசகரிடம் தங்கிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம். புலிகேசி சிவகாமியைக் கொன்றிருந்தால் வாசகர் அழுதுவிட்டு, பகைவனைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பார். ஊழின்மேல் பழியைப் போட்டிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். இங்கே பிரிவை உண்டாக்கியது அவளுடைய தன்மானம். வாசகர் அவளிடம் விரும்பியதும் அதே தன்மானத்தைத்தான். அது இல்லாத சிவகாமி சிவகாமியாகவே இருக்க மாட்டாள்.

மற்றவர்களின் கணக்குகள்

ஆயனருக்கு ஒரே ஆசை. அஜந்தா ஓவியங்களின் அழியாத வண்ணக் கலவையின் இரகசியத்தை அறிய வேண்டும். அந்த ஆசையைத் தெரிந்துகொண்ட நாகநந்தி, பரஞ்சோதியின் கையில் ஓலை கொடுத்து அனுப்பச் செய்கிறார். வண்ணக் கலவைக்காகப் போகும் ஓலை என்று ஆயனர் நம்பியது உண்மையில் பகைவனுக்கான ஓலை. ஒரு கலைஞனின் களங்கமற்ற ஆவலே நாட்டுக்கு ஆபத்தாக முடிவதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய இடங்கள் அக்காலத் தொடர்கதைகளில் அரிது. ஆயனர் கெட்டவரல்லர். அவருக்கு உலகமே தெரியாது. மகளின் மனமும் தெரியாது.

மகேந்திரவர்மர் நிலை வேறு. வரலாற்று மகேந்திரர் சித்திரகாரப்புலி என்ற விருதுப் பெயர் பூண்டவர். காஞ்சியைக் களமாகக் கொண்ட மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் குடைந்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் சொல்லிக்கொண்டவர். நாவலின் மகேந்திரரும் கலையை உயிராக நேசிக்கிறார். அதனாலேயே சிவகாமி கலைக்கு உரியவள், அரண்மனைக்கு உரியவள் அல்லள் என்று முடிவுகட்டிவிடுகிறார். மகனின் காதலை வெறுப்பதில்லை, தள்ளிவைக்கப் பார்க்கிறார். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடும் அவரது அறிவு, ஒரு பெண்ணின் மனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தது.

நாகநந்தியின் நோக்கம் நாவலில் மிகச் சிக்கலானது. புலிகேசியின் உருவத்தை அப்படியே ஒத்த உடன்பிறப்பு. துறவியின் உடையில் இருப்பவர். அரசியல் சூழ்ச்சிக்காகப் பல்லவ நாட்டுக்கு வந்து, சிவகாமியின் ஆட்டத்தைக் கண்டு நிலைகுலைந்தவர். மூன்றாம் பாகத்தின் தலைப்பே அவருடைய காதலைச் சொல்கிறது. சிவகாமிக்கு அவர் செய்யும் உதவிகளில் தீங்கும் தீங்குகளில் அன்பும் கலந்திருக்கின்றன. வில்லன் என்ற சொல்லுக்குள் அவரை அடக்க முடிவதில்லை. இரட்டையர் உருவ ஒற்றுமை என்ற பழைய உத்தியைக் கல்கி சில இடங்களில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமல்லரின் பகுதிதான் நாவலில் மெலிந்தது. வாதாபியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர் பாண்டிய இளவரசியை மணக்கச் சம்மதிக்கும் வரை அவர் மனத்தில் நடந்த போராட்டம் போதுமான அளவு எழுதப்படவில்லை. அரச கடமை என்ற ஒரு சொல் அங்கே பல பக்கங்களின் வேலையைச் செய்கிறது. சிவகாமியின் மறுப்பைப் பற்றி வாசகர்கள் ஓயாமல் விவாதிக்க, மாமல்லரின் திருமணத்தைப் பற்றிப் பெரும்பாலும் பெருமூச்சு மட்டும் விடுவதற்கு இதுவே காரணமாகலாம்.

காஞ்சியில் முடியும் காதல்கள்

காதலை இழந்த ஆடல்மகள் ஒருத்தி காஞ்சியில் அமைதி தேடுவது தமிழ் இலக்கியத்தில் புதிதன்று. மாதவியின் மகள் மணிமேகலை, தன்னை விரும்பிய இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், பல ஊர்களைக் கடந்து இறுதியில் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். மணிமேகலைக்கு அங்கே கிடைத்தது பௌத்தம். சிவகாமிக்குக் கிடைப்பது சைவம்.

அதற்கான தயாரிப்பும் முதல் பாகத்திலேயே உள்ளது. காஞ்சியில் திருநாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி அவருடைய திருத்தாண்டகப் பாடல் ஒன்றுக்கு அபிநயம் பிடித்து, உணர்ச்சி மேலிட்டு மயங்கி விழுகிறாள். தலைவனின் பெயரைக் கேட்பதில் தொடங்கி, பெற்றோரையும் ஊரையும் தன்னையும் மறந்து, அவன் திருவடியில் சேரும் பெண்ணைப் பற்றிய பாடல் அது. ஆடும்போது அவள் மனத்தில் இருக்கும் தலைவர் மாமல்லர். நாவலின் கடைசி அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த தலைப்பு தலைவன் தாள். அதில் அவள் ஏகாம்பரநாதரைத் தன் தலைவராக ஏற்று அவர் சந்நிதியில் ஆடுகிறாள். மாமல்லர் தம் அரசியோடு அங்கே வருகிறார். பாடல் மாறவில்லை, தலைவன் மாறிவிட்டான்.

இந்த முடிவைப் பக்தியின் வெற்றி என்று படிப்பவர்கள் உண்டு. வேறு போக்கிடம் இல்லாத பெண்ணுக்கு அக்காலச் சமூகம் விட்டுவைத்திருந்த ஒரே வாசல் என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நாவலில் இடமிருக்கிறது. சிவகாமி சிரிக்கிறாளா அழுகிறாளா என்பதை முடிவாகச் சொல்லாமல் விட்டது கல்கியின் நல்ல தீர்மானங்களில் ஒன்று.

நாவலைப் படித்துவிட்டு இன்றைய காஞ்சிபுரத்துக்கு வருபவர்கள் பலவற்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். பட்டுச் சேலை வாங்க வரும் கூட்டம் நிறைந்த தெருக்களிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 1509 இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்தது. பல்லவக் காஞ்சியின் அடையாளமாகச் சொல்லப்படும் கைலாசநாதர் கோயிலும் மாமல்லருக்குப் பல்லாண்டு பின், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மனால் கட்டப்பட்டது. நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தின் தறியோசையும் நாவலில் இல்லை. சிவகாமி நடந்த காஞ்சியின் பெரும்பகுதி இன்று பக்கங்களில்தான் இருக்கிறது.

ஏற்பும் மறுப்பும்

க.நா. சுப்ரமண்யம் முதலிய விமர்சகர்கள் கல்கியின் எழுத்தைப் பொழுதுபோக்கு எழுத்தாகவே மதிப்பிட்டனர். நீண்ட வருணனைகள், தற்செயல்கள், மாறுவேடங்கள் ஆகியவற்றைக் கருதினால் அக்கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அதே சமயம், தொடர் வெளிவந்த காலத்தையும் நினைக்க வேண்டும். ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் 1942 ஏப்ரலில் சென்னை நகரம் பாதி காலியானது. முற்றுகைக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது என்பது காஞ்சி முற்றுகையைப் படித்தவர்களில் பலருக்குச் சரித்திரமாக இருந்திருக்காது.

கல்கி பின்னர் எழுதிய அலை ஓசை (சாகித்திய அகாதெமி விருது, 1956) நாவலிலும் சீதா என்ற பெண்ணின் துயரம் நாட்டு வரலாற்றோடு சேர்ந்தே நகர்கிறது. பொன்னியின் செல்வனில் நந்தினியின் வஞ்சத்துக்கும் அடியில் இருப்பது மறுக்கப்பட்ட காதல்தான். சிவகாமியிடம் தொடங்கிய ஒன்றை அவர் விடாமல் தொடர்ந்திருக்கிறார்.

சிவகாமியின் சபதத்தை முதலில் படித்து, அதன்பின் பார்த்திபன் கனவை எடுப்பவர்களுக்கு இன்னொன்று காத்திருக்கிறது. அங்கே நரசிம்மவர்மர் சிவனடியார் வேடத்தில் திரிகிறார். போர்க்களத்தில் இறந்துகொண்டிருந்த பகையரசன் பார்த்திபனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவன் மகன் விக்கிரமனுக்கு மறைவாக உதவுகிறார். தம் மகள் குந்தவி அந்த விக்கிரமனையே விரும்புகிறாள் என்று தெரிந்ததும், தம் தந்தை தமக்குச் செய்ததை அவர் மகளுக்குச் செய்வதில்லை. திருமணம் நடக்கிறது. அதைப் பற்றிச் சக்கரவர்த்தி அதிகம் பேசுவதில்லை.